கடைசிப் பத்து கிலோமீட்டர்

உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருப்பதாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024இல் கணக்கிட்டது. இவர்களில் பலர் சிக்னல் எட்டும் இடத்தில்தான் வாழ்கிறார்கள். கைபேசியின் விலையும் டேட்டா கட்டணமும் அவர்களைத் தடுக்கின்றன. சிக்னலே எட்டாத குடியிருப்புகளின் சிக்கல் வேறு. பக்கத்து நகரம்வரை ஃபைபர் வந்திருக்கும். அங்கிருந்து குழிதோண்டிக் கேபிள் பதிக்கும் செலவைச் சில நூறு ஏழை வீடுகளின் மாதக் கட்டணத்தால் மீட்க முடியாது என்று நிறுவனங்கள் ஒதுங்கிவிடுகின்றன.

அந்தத் தூரத்தைச் சாதாரண வைஃபையால் கடக்கலாம். வீட்டு ரவுட்டர் அலைகளை எல்லாத் திசையிலும் இறைப்பதால்தான் நாலு சுவர் தாண்டத் திணறுகிறது. அதே ஆற்றலை டிஷ் ஆன்டெனாவால் ஒரே திசையில் குவித்தால் நிலைமை தலைகீழ். தொலைத்தொடர்புப் பேராசிரியர் எர்மான்னோ பியட்ரோசெமோலியின் குழு 2007இல் வெனிசுவேலாவின் இரு மலையுச்சிகளை 382 கி.மீ. இடைவெளியில் வைஃபையால் இணைத்துக் காட்டியது!

ஆனால் ஆன்டெனா மட்டும் போதாது. வைஃபை கருவி ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். காத்திருக்கும் நேரம் வீட்டுக்குள் புழங்குவதற்கென்று வகுக்கப்பட்டது. ரேடியோ அலை 10 கி.மீ. போய்த் திரும்பவே 67 மைக்ரோவினாடி ஆகும். பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, ‘தொலைந்துவிட்டது’ என்று கருவி அதையே மறுபடி அனுப்பும். சிக்னல் நன்றாகக் காட்டும், பக்கமோ திறக்காது. மென்பொருள் அமைப்பில் தூரத்தைக் கூட்டிவைத்தால் சரியாகிவிடும், செலவே இல்லை.

அடுத்தது மரங்கள். எதிர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்பது தவறு. அலை நேர்க்கோடாக மட்டும் போவதில்லை. நடுவழியில் பருத்து, இரு முனையிலும் குறுகிய ஒரு வெளியை அது நிரப்புகிறது. ஃப்ரெனெல் மண்டலம் என்பது இதுதான். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 10 கி.மீ. இணைப்புக்கு நடுவில் இதன் ஆரம் ஏறத்தாழ 18 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையின்றி இருக்கவேண்டும். இலையிலுள்ள நீர் அலையை உறிஞ்சும் என்பதால், கோடையில் ஓடிய இணைப்பு மழைக்குப்பின் தளரும். கம்பம் நடும்போதே மரம் வளரப்போகும் உயரத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

சீரற்ற மின்சாரமும் கருவிகளைக் கெடுக்கும். சோலார் பேனல், பேட்டரி, மின்னல் தடுப்பு ஆகியவற்றில் கஞ்சத்தனம் காட்டவே கூடாது. இவற்றைப் பராமரிக்க உள்ளூரில் ஆள் வேண்டும். ஸ்பெயினில் கேட்டலோனியாவின் கிராமப்புறத்தில் 2004இல் தொடங்கிய குய்ஃபி.நெட் என்ற சமூக இணைய வலையமைப்பு இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே மக்களே கூரையேறி ஆன்டெனா பொருத்தினார்கள். புதிதாகச் சேர்ந்த வீடே அடுத்த வீட்டுக்கு இணைப்பைக் கடத்தும் கணுவாகவும் ஆகமுடிந்தது.