சின்ன ஓடைக்கு வேகமான ராட் எதற்கு?

வர்ஜீனியாவில் ஃப்ளை மீன்பிடிப்பு, அதாவது பூச்சி போலக் கட்டிய கொக்கியை (ஃப்ளை) வீசி மீன் பிடிப்பதைச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரே மாதிரித் தூண்டில் கோல், அதாவது ராட்தான் இருக்கும்: ஒன்பது அடி, ஐந்தாம் எண், விறைப்பான ஃபாஸ்ட் ஆக்‌ஷன். "இப்போதுதான் ஆரம்பிக்கிறேன்" என்று கடையில் சொன்னால் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அகலமான ஆற்றில், காற்றுக்கு எதிராக ஐம்பது அடி வீச அதுதான் சரியான கோல். ஆனால் ஷெனண்டோவா தேசியப் பூங்காவின் ஓடைகளில் அதை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு இருக்கிறதே!

ராப்பிடான் ஓடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மில் ப்ராங், லாரல் ப்ராங் என்ற இரண்டு சிற்றோடைகள் சேருமிடத்தில் அது தொடங்குகிறது. அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் 1929இல் தன் ஓய்வு முகாமை அங்கேதான் அமைத்தார். வாஷிங்டன் வெயிலுக்குத் தப்பவும் ட்ரவுட் மீன் பிடிக்கவும். மேல்பகுதியில் பல இடங்களில் தண்ணீர் ஒரு அறையின் அகலம்தான். தலைக்கு மேல் கிளைகள், முதுகுக்குப் பின்னால் புதர். உள்ளே இருப்பது இந்த மலையின் சொந்த மீனான ப்ரூக் ட்ரவுட். ஆறேழு அங்குலம் இருந்தால் நல்ல மீன். ஒன்பது அங்குலம் என்றால் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வீச வேண்டிய தூரம் பதினைந்து, இருபது அடி.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் கொக்கிக்கு எடையே இல்லை. தடித்த லைனின் எடைதான் ராடை வளைக்கிறது, வளைந்த ராட் நிமிரும்போது லைன் பறக்கிறது. ராடின் மேல் எழுதியிருக்கும் எண், லைனின் முதல் முப்பது அடி எவ்வளவு எடை என்பதைக் குறிக்கும். ஐந்தாம் எண் என்றால் 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். மூன்றாம் எண் 100 கிரெய்ன், ஆறரை கிராம். சரி, இருபது அடி வீசும்போது என்ன நடக்கிறது? ராடின் நீளம் போக, லைன் முனையில் கட்டும் மெல்லிய நரம்பான ஏழரை அடி லீடரும் போக, நுனிக்கு வெளியே நிற்கும் லைன் ஏழெட்டு அடி இருந்தால் அதிகம். அதுவும் முன்பக்கம் மெலிந்துகொண்டே போகிற பகுதி. 9 கிராமில் கால் பங்குகூட வேலை செய்யவில்லை. முப்பது அடியை மனதில் வைத்துச் செய்த விறைப்பான ராட் இதற்கெல்லாம் அசையாது. ஆள் தோளைப் போட்டு அடிப்பார். லைன் சுருண்டு காலடியில் விழும், இல்லையென்றால் ரோடோடெண்ட்ரான் கிளையில் தொங்கும்.

ஃபாஸ்ட் ராட் நுனிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும் வளையும். மாடரேட் ராட் பாதிவரை இறங்கி வளையும். ஸ்லோ என்பது கைப்பிடிவரை. நடு ரகத்தில் ஆறரை முதல் ஏழரை அடி, மூன்றாம் எண் ராடைக் கொடுத்துவிட்டு நான் சொல்வது ஒன்றே: "பின்னால் போன லைன் நீளும்வரை பொறுங்க." இரண்டாவது, மூன்றாவது வீச்சிலேயே முகம் மாறும். கட்டை விரலுக்கடியில் ராட் வளைவது தெரிகிறது. எப்போது முன்னே தள்ள வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

பின்னால் வீச இடமே இல்லாதபோது வில்-அம்பு வீச்சு. கொக்கியின் வளைவை, முள்முனை விரலில் படாதபடி, இரண்டு விரலால் பிடித்துப் பின்னுக்கு இழுக்க வேண்டும். நுனியைக் குறிக்கு நேராக வைத்து விட்டுவிட வேண்டும். ராட் எவ்வளவு உள்ளுக்கு வளைகிறதோ அவ்வளவு தூரம் ஃப்ளை போகும். விறைத்த ராடில் பாதி தூரத்திலேயே தொய்ந்துவிடும்.

இன்னொரு லாபம் டிப்பெட்டுக்கு. லீடரின் கடைசித் துண்டான அது, 6எக்ஸ் என்றால் 0.127 மில்லிமீட்டர் தடிமன்தான். மீன் கவ்வியதும் பதற்றத்தில் வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். புதிதாக வருபவர் எல்லோரும் அப்படித்தான் இழுப்பார்கள். மென்மையான ராட் அந்த இழுப்பைத் தானே வாங்கிக்கொள்ளும்.

மூங்கிலா, ஃபைபர் கிளாஸா, கிராஃபைட்டா என்று கேட்பவர்களுக்கு: மூங்கில் அழகு, விலையைப் பார்த்தால் மூச்சு நிற்கும். கிராஃபைட்டிலும் மாடரேட் உண்டு, தேடிப் பிடிக்க வேண்டும். எழுபதுகளில் கிராஃபைட் வந்ததும் ஓரங்கட்டப்பட்ட கிளாஸ்தான் இந்த வேலைக்கு என் முதல் தேர்வு.

எங்கேயும் இதுவே சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கனமான மணி வைத்த நிம்ஃபை (நீருக்கடியில் வாழும் இளம் பூச்சி போலக் கட்டிய ஃப்ளை) ஆழத்தில் இறக்க வேண்டுமா, குறுக்கே ஓடும் நீரோட்டத்துக்கு மேல் லைனைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமா, நீளமான ராட்தான் நல்லது. பெரிய ப்ரவுன் ட்ரவுட் உள்ள தண்ணீருக்குப் பூஜ்யம், ஒன்றாம் எண் ராட்களைக் கொண்டுபோவது வெறும் பந்தா. அவ்வளவு மெல்லிய கோலில் மீனை நெடுநேரம் அலைக்கழித்துக் களைக்க வைத்தால், விட்ட பிறகும் பிழைக்காமல் போகலாம். கோடையில் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் எந்த ராடானாலும் மடக்கி வைத்துவிடுங்கள். அந்தச் சூட்டில் ட்ரவுட்டுக்கு மூச்சுக்கே திண்டாட்டம். சட்டைப்பையில் ஒரு சின்ன வெப்பமானி போதும்.

புது ராட் வாங்கக் காசு இல்லையென்றால், இருக்கிற ஐந்தாம் எண் ராடில் ஆறாம் எண் லைனை ஏற்றிப் பாருங்கள். கொஞ்சம் வளையும், முழுசாகச் சரியாகாது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கடைக்குள் நின்று ராடைச் சும்மா ஆட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெறும் கோலை ஆட்டினால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். லைன் கோத்துத் தரச் சொல்லி, கார் நிறுத்துமிடத்துக்குப் போய், பத்தடி லைனை மட்டும் வெளியே விட்டு வீசிப் பாருங்கள். முப்பது அடி வீசிக் காட்ட விற்பனையாளர் முன்வருவார். வேண்டாம், பத்தடியே போதும் என்று சொல்லுங்கள்.