எறும்பு கடித்த மாதிரி இருக்குமா?

நர்சிங் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊசி போடும்போது 'வலிக்காது'ன்னு சொன்னா பொய். 'வலிக்கும்'னு சொன்னா அவங்க கையை இழுத்துக்கிறாங்க. எதைத்தான் சொல்றது?" பாடத்தில் 'நோயாளிக்கு ஆறுதலாகப் பேசவும்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறதாம்.

நல்ல கேள்வி. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு வந்த 140 பெண்களுக்கு, முதுகுத்தண்டில் மருந்து செலுத்துமுன் அந்த இடம் மரத்துப்போக ஒரு சிறிய ஊசி. சிலரிடம் "இப்போது இடத்தை மரக்கவைக்கிறோம், உங்களுக்கு வசதியாக இருக்கும்" என்ற பாணியில் சொன்னார்கள். மற்றவர்களிடம் "பெரிய தேனீ கொட்டின மாதிரி இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசமான கட்டம்" என்றார்கள். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டபோது முதல் குழுவின் நடு மதிப்பு 3, இரண்டாவதன் மதிப்பு 5. மருந்து ஒன்றுதான், ஊசி ஒன்றுதான்.

வலிக்கும் என்ற எதிர்பார்ப்பே வலியைக் கூட்டிவிடுகிறது. இதற்கு நோசிபோ விளைவு என்று பெயர். 'எல்லாம் மனப்பிரமை' என்று ஒதுக்குபவர்கள் தண்டுவடம் வரை கொஞ்சம் இறங்கி வர வேண்டும். வலிச் செய்தி தோலிலிருந்து மூளைக்குப் போகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். மூளையிலிருந்து கீழே இறங்கும் பாதையும் ஒன்று உண்டு. மூளைத்தண்டின் அடிப்பகுதியில் இரண்டு வகை செல்கள் இருக்கின்றன: 'ஆன்' செல்கள், 'ஆஃப்' செல்கள். தண்டுவடத்துக்கு வந்துசேரும் வலிச் செய்தியை ஒன்று பெரிதாக்கும், மற்றது அமுக்கும். ரேடியோவின் வால்யூம் குமிழ் மாதிரி.

பயம் அந்தக் குமிழை எப்படித் திருகுகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அதில் ஈடுபடும் வேதிப்பொருள் கோலிசிஸ்டோகைனின். கொழுப்பான சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் பித்தப்பையைச் சுருங்கவைக்கிறதே, அதே ஆசாமிதான்! மூளையில் அதற்கு வேறு உத்தியோகம்: உடல் தானே சுரக்கும் வலிநிவாரணிகளின் வேலையைக் கெடுப்பது. இத்தாலிய நரம்பியலாளர் ஃபாப்ரிசியோ பெனதெட்டியின் குழு, வலி கூடும் என்று சொல்லிப் பயப்படுத்தியவர்களுக்கு, இந்தப் பொருளைத் தடுக்கும் புரோகுளுமைடு மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வலி கூடவில்லை. ஆனால் கார்டிசால் போன்ற பதற்ற ஹார்மோன்கள் ஏறியபடியேதான் இருந்தன. அதாவது பயம் அப்படியே இருக்க, பயத்திலிருந்து வலிக்குப் போகும் பாலம் மட்டும் அறுந்துவிட்டது.

அப்படியானால் வலியைப் பற்றி வாயே திறக்கக் கூடாதா? அங்கேதான் 1964இல் வந்த பழைய ஆய்வு ஒன்று குறுக்கே நிற்கிறது. வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரில் ஒரு பகுதியினரிடம், முந்தின நாள் இரவே மயக்க மருத்துவர் போய் விளக்கமாகப் பேசினார். எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும் (தசை இறுகுவதால்), எப்படி மூச்சிழுத்துத் தளர்த்துவது, எப்படிப் புரண்டு படுப்பது, எல்லாவற்றையும். அறுவைக்குப் பிறகு அவர்கள் கேட்ட வலிமருந்து மற்றவர்களைவிடப் பாதியளவுதான். யாரிடம் பேசப்பட்டது என்று அறுவை மருத்துவர்களுக்கே தெரியாது. சீக்கிரம் வீட்டுக்குப் போனவர்களும் இவர்கள்தான்.

இவர்களிடமும் 'வலிக்கும்' என்றுதான் சொன்னார்கள். கூடவே, வந்தால் என்ன செய்யலாம் என்பதையும் கையில் கொடுத்தார்கள். தேனீக் கதையில் அது இல்லை.

இதற்காக, நல்ல வார்த்தை சொன்னால் புற்றுநோயே கரைந்துவிடும் என்று கிளம்புகிறவர்களை நம்பிவிடாதீர்கள். பேச்சு வலியைக் கூட்டும், குறைக்கும், கட்டியைக் கரைக்காது. இன்னொரு ஆதங்கம்: ஒரு வாக்கியத்துக்குக் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் இத்தகைய ஆய்வுக்குப் பணம் போட எந்த மருந்து நிறுவனத்துக்கு ஆர்வம் வரும்?

சரி, வாசகிக்கு. 'வலிக்காது' வேண்டாம், ஒருமுறை பொய்யென்று தெரிந்தால் அடுத்த ஊசிக்கு உங்கள் பேச்சு எடுபடாது. "எதை நினைச்சா பயமா இருக்கு?" என்று முதலில் கேளுங்கள், பதில் முடியும்வரை சிரிஞ்சை எடுக்காதீர்கள். அப்புறம், "குத்தும்போது சுருக்குன்னு இருக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும். கையைத் தளர்த்தி மூச்சை மெதுவா விடுங்க. நிறுத்தணும்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

சொன்னால், நிறுத்த வேண்டும்.