தூங்கும்போது வியர்க்கிறதா?

பிளஸ் டூ மாணவி. உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டாள். "சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம் டாக்டர், அவள் அப்பாவும் அதையேதான் சொல்கிறார்" என்றார் அம்மா. விடைத்தாள் நனையாமலிருக்கக் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையை வைத்துத்தான் தேர்வு எழுதுகிறாள். கோலமாவு விரலிலேயே அப்பிக்கொள்வதால் மார்கழியில்கூட வாசலுக்குப் போவதில்லை. ரேஷன் கடைக் கைரேகைக் கருவி அவள் விரலை ஏற்க மறுக்கிறது.

"தூங்கும்போது கை வியர்க்குமா?" என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. நள்ளிரவில் தொட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். மறுவாரம் அம்மா வியப்போடு வந்தார்: "காய்ந்து கிடக்கிறது டாக்டர்!"

எனக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. சிறுவயதிலோ பதின்பருவத்திலோ தொடங்கி, இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி ஊறி, தூக்கத்தில் நின்றுவிடும் வியர்வை வேறொரு நோயின் அறிகுறி அல்ல. வியர்வைச் சுரப்பிகளிலும் கோளாறு இல்லை. அவற்றை இயக்கும் நரம்புகள்தான் தேவைக்கு மேல் கட்டளையிடுகின்றன. பதற்றம் அதைக் கூட்டும், உண்மைதான். ஆனால் கை நனைந்துவிடுமே என்ற கவலைதான் பல பிள்ளைகளுக்குப் பதற்றத்தையே தருகிறது. 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டம் கட்டுவது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதுதான்.

பதில் வேறாக இருந்தால் என் கவனமும் வேறு பக்கம் போகும். நடுவயதில் புதிதாக உடல் முழுதும் வியர்த்தாலோ, இரவில் தலையணை நனைந்தாலோ முதலில் இரத்தப் பரிசோதனை. தைராய்டு மிகையாகச் சுரப்பது, காசநோய், நிணநீர்ப் புற்றுநோய், மாதவிடாய் நிற்கும் பருவம், சில மனச்சோர்வு மாத்திரைகள் என்று காரணங்கள் பல. சர்க்கரை நோயாளிக்குத் திடீரென வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். நெஞ்சு அழுத்தத்தோடு குளிர்ந்த வியர்வை கொட்டினால் என்னிடம் வர வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அலுமினியம் குளோரைடு கரைசலைக் கொடுத்தேன். வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைக்கும் எளிய மருந்து. இதில் பலரும் தவறுவது நேரத்தில்தான். காலையில் குளித்த ஈரத்தோடு தடவுவார்கள். ஈரத்தில் அமிலம் உண்டாகித் தோல் எரியும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். சுரப்பி ஓய்ந்திருக்கும் இரவில், நன்கு துடைத்து உலர்ந்த தோலில் தடவி, காலையில் கழுவ வேண்டும். (கடையில் வாங்கும் டியோடரன்ட் மணத்தை மாற்றுமே தவிர, வியர்வையைக் குறைக்காது.)

அதற்கு மசியாவிட்டால், தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் அயன்டோபோரிசிஸ் இருக்கிறது. தொடக்கத்தில் வாரம் மூன்று நாள், 20 நிமிடம்போல. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. போடாக்ஸ் ஊசி சில மாதங்கள் பலன் தரும். அக்குளுக்கு மிக நன்று, உள்ளங்கையில் வலி அதிகம். கிளைகோபைரோலேட் மாத்திரை உடல் முழுதும் வியர்வையைக் குறைப்பதால், அக்னி நட்சத்திர வெயிலில் வேலை செய்பவருக்கு எழுதித்தர நான் தயங்குவேன். உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியையே அடைத்துவிடும்.

நெஞ்சுக்குள் நரம்பைத் துண்டிக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி இளைஞர்கள் ஆசையோடு கேட்கிறார்கள். கை காய்ந்துவிடும், பதிலுக்கு முதுகும் வயிறும் சட்டை நனைய வியர்க்கத் தொடங்கலாம். பெரும்பாலும் அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. மற்றதெல்லாம் தோற்ற பிறகே அதைப் பற்றிப் பேசுவேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் கைக்குட்டை இல்லாமல் வந்தாள். கூடவே அப்பா; வங்கியில் காசாளர். மகளை வெளியே அனுப்பிவிட்டுத் தன் உள்ளங்கைகளை மேசைமேல் விரித்தார். இரண்டும் பளபளத்தன. "இருபது வருடமாக நோட்டு எண்ண எனக்கு ஈர ஸ்பாஞ்சே தேவைப்பட்டதில்லை டாக்டர். அந்த மருந்து எனக்கும் எழுதுவீர்களா?"