வண்டி வந்த நேரமா, தண்ணீர் பாய்ந்த நேரமா?

ஒரு நகரத்தின் தீயணைப்புத் துறை எப்படிச் செயல்படுகிறது என்று கேட்டால், "சராசரியாக இத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்கிறோம்" என்று ஒரே எண்ணில் பதில் வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நிம்மதி அடைய முடியாது.

முதலில், சராசரி. பத்து அழைப்புகளில் எட்டுக்கு 4 நிமிடம், இரண்டுக்கு 16 நிமிடம் ஆனால் சராசரி 6.4. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே பக்கத்து அழைப்புகளாக இருக்கும்: நிலையம் எட்டாத புறநகர், அல்லது சாயங்கால நெரிசலில் சிக்கும் கடைத்தெரு. அதனால்தான் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்எஃப்பிஏ) வகுத்த 1710 என்ற தரநிலை சராசரியை விட்டுவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூறு அழைப்புகளில் இலக்கு எட்டப்பட்டதா என்று பார்க்கிறது. கவச உடை அணிந்து வண்டி கிளம்ப 80 விநாடி, முதல் வண்டியின் பயணத்துக்கு 240 விநாடி.

அடுத்தது, கடிகாரத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துகிறார்கள் என்பது. வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து எண்ணினால், கட்டுப்பாட்டு அறையில் முகவரி கேட்டுத் தவித்த நேரம் கணக்கில் வராது. பழைய எண், புதிய எண் இரண்டும் புழங்கும் சென்னைத் தெருக்களில் அது சின்ன விஷயமில்லை. மறுமுனையில், வண்டி வாசலில் நின்றதோடு வேலை முடிவதுமில்லை. பத்தாவது மாடிக்கு ஹோஸும் மூச்சுக் கருவியும் சுமந்து ஏறி, தண்ணீர் திறக்க மேலும் பல நிமிடங்கள் போகும். நுரை சோபாவும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய வரவேற்பறை ஐந்து நிமிடத்துக்குள் மொத்தமாகப் பற்றிக்கொள்ளக்கூடும். தீயின் மேல் முதல் தண்ணீர் விழுந்த நேரத்தைத் தீ அறிக்கையில் தனியாகக் குறிக்காத துறை, தன் வேலையைப் பாதிதான் அளக்கிறது.

தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வழக்கமான வண்டி ஒன்றில் 4,500 லிட்டர் இருக்கும். ஹோஸின் நுனியில் மாட்டும் 20 மி.மீ. நாசில் ஒன்று 3.5 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 லிட்டர் இறைக்கும். ஒரு ஹோஸ் பிடித்தால் அந்தத் தண்ணீர் 9 நிமிடம் வரும், இரண்டு பிடித்தால் நாலரை. அதற்குள் ஹைட்ரன்ட் (தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய்), சம்ப், லாரி என ஏதோ ஒரு வழியில் அடுத்த தண்ணீர் வந்தாக வேண்டும். வராவிட்டால் தணிந்த தீ மறுபடி எழும். அதுவரை இறைத்ததும் வீண். ஆகவே எத்தனை வண்டிகள் வந்தன என்பதைவிட, இடையில் எத்தனை நிமிடம் ஹோஸ் காய்ந்து கிடந்தது என்பதே சரியான கேள்வி.

2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடைக் கட்டடத்தில் பிடித்த தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் தீ. இரவு 12.54க்கு அழைப்பு, 12.59க்கே வண்டிகள் வாசலில். வருகை நேரத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் முழு மதிப்பெண். ஆனால் 1.27க்குள் வெளிச்சுவர்ப் பலகைகள் வழியே தீ கூரையைத் தொட்டுவிட்டது. "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்ற அறிவுரையைக் களத்தில் கைவிட 2.47 ஆனது. 1.30க்கும் 1.50க்கும் இடையிலேயே கைவிட்டிருக்க வேண்டும் என்றது விசாரணை. இறந்தவர்கள் 72 பேர். ஆக, கடிகாரத்தோடு முடிவெடுத்த நேரங்களையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

உங்கள் நகரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். நிலையம் வாரியாக, அழைப்பு வந்த நேரம், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். சராசரியை மட்டும் கேட்டால் அதைத்தான் தருவார்கள். நிலையத்தின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலியாக இருப்பவை எத்தனை என்பதையும் கேட்கலாம். ஆள் குறைந்தால் வண்டி வந்தாலும் இரண்டாவது ஹோஸைப் பிடிக்க ஆள் இருக்காது.

குடியிருப்புச் சங்கத்தின் பங்கும் உண்டு. வாசல் அலங்கார வளைவுக்கு அடியில் தீயணைப்பு வண்டி நுழையப் போதுமான உயரமும் அகலமும் இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள். பெரிய வண்டி திரும்பும் இடத்தில் கார் நிறுத்தியிருக்கிறார்களா? சம்ப் மூடி மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார்களா? அந்தத் தொட்டிகளை நகர்த்துவதற்குள் மேலே சொன்ன நாலரை நிமிடம் கரைந்துவிடும்.