கம்யூனிட்டி ரேட்டிங்: பொதுவீதம்

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு விதிகளைத் தமிழில் சொல்லும் துண்டறிக்கைகளிலும் காணொளிகளிலும் 'சமூக மதிப்பீடு' என்ற தொடர் ஓயாமல் வருகிறது. 'கம்யூனிட்டி ரேட்டிங்' என்பதற்கு இதுதான் தமிழ் என்று முடிவே கட்டிவிட்டார்கள் போலும். "நியூயார்க்கில் சமூக மதிப்பீட்டின்படி பிரீமியம் வாங்கப்படும்" என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்? தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்குக் கம்யூனிட்டி சர்ட்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். சமூகம் என்றாலும் 'எந்தச் சமூகம்?' என்ற கேள்வியே முதலில் காதில் விழும். பக்கத்தில் மதிப்பீடும் வந்து உட்கார்ந்தால், ஆளையும் அவர் கூட்டத்தையும் எடைபோட்டுப் பணம் கேட்கிறார்கள் என்றே பொருளாகும். விதி சொல்வதோ நேர் எதிர். ஆளின் உடல்நிலையை எடைபோடவே கூடாது என்கிறது அது.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாநிலத்தில் தன்னிடம் ஒரே வகைக் காப்பீடு (தனிநபருக்கானதோ சிறு நிறுவனத்துக்கானதோ) வாங்குவோர் எல்லாருடைய மருத்துவச் செலவையும் நிறுவனம் ஒன்றாகக் கூட்டி, அந்த மொத்தத்திலிருந்து பிரீமியத்தை வகுக்க வேண்டும். சர்க்கரை நோயோடு இருபது ஆண்டு வாழ்பவருக்கும், ஆஸ்பத்திரி வாசலே மிதிக்காதவருக்கும் ஒரே கட்டணப் பட்டியல். பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தது என்பதற்காக அந்தக் கடைக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்ற முடியாது.

ரேட் என்பதன் வேர், கணக்கிட்ட பங்கைக் குறிக்கும் லத்தீன் 'ராட்டா'. கம்யூனிட்டியின் வேர் 'கொம்யூனிஸ்', அதாவது பொது. மதிப்பெண் போடுவதோ தரம் பிரிப்பதோ இதில் எங்கும் இல்லை. சினிமாவுக்கு நட்சத்திரம் போடும் ரேட்டிங்கை நினைத்துக்கொண்டு மதிப்பீடு என்று எழுதிவிட்டார்கள்.

1929இல் டாலஸ் நகரின் பெய்லர் மருத்துவமனை, மாதம் அரை டாலர் கட்டிய பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டில் 21 நாள் வரை மருத்துவமனைச் சிகிச்சை தர ஒப்புக்கொண்டது. அதிலிருந்து வளர்ந்த புளூ கிராஸ் என்ற மருத்துவமனைக் காப்பீட்டுத் திட்டங்கள் எல்லாரிடமும் ஒரே வீதத்தில் பணம் வாங்கின. பிறகு வந்த வணிக நிறுவனங்கள், இளைஞர்கள் நிறைந்த கம்பெனிகளுக்குக் குறைந்த விலை சொல்லி அவர்களைப் பிரித்துக்கொண்டு போயின. மிஞ்சியவர்களின் செலவு ஏறியது. பழைய முறை குலைந்தது. காப்பீட்டை மாநிலங்களே ஒழுங்குபடுத்தலாம் என்று 1945ஆம் ஆண்டின் கூட்டரசு (ஃபெடரல்) சட்டம் விட்டிருந்ததால், அந்த முறையை மீட்கும் வேலையும் மாநிலங்களிடமே வந்தது. நியூயார்க் 1993இல் தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் விற்கும் காப்பீட்டில் இதைக் கட்டாயமாக்கியது. ஒபாமாகேர் எனப்படும் 2010இன் கூட்டரசுச் சட்டம் 2014 ஜனவரி முதல் நாடு முழுவதற்கும் இதன் ஒரு வகையைக் கொண்டுவந்தது.

இங்கேதான் இன்னொரு மொழிபெயர்ப்போடு எனக்குச் சண்டை. 'சமக் கட்டணம்' என்று சிலர் எழுதுகிறார்கள். சாதி வாடை இல்லை, படிக்கவும் எளிது, ஆனால் பொய். கூட்டரசுச் சட்டப்படி 21 வயதுக்காரரிடம் வாங்குவதைப்போல 64 வயதுக்காரரிடம் மூன்று மடங்கு வரை வாங்கலாம். புகைபிடிப்பவரிடம் ஒன்றரை மடங்கு வரை வாங்கலாம். வட்டாரத்துக்கு வட்டாரம் மாறலாம். மாசசூசெட்சில் வயது வேறுபாடு இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. நியூயார்க்கிலும் வெர்மான்டிலும் வயது பார்க்கவே கூடாது. கலிபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் புகைக்கென்று கூடுதல் வாங்க முடியாது. இத்தனை வேறுபாட்டையும் 'சம' என்ற இரண்டெழுத்து மூடி மறைக்கிறது. டெக்சாசில் இருக்கும் அறுபது வயதுத் தந்தை இதை நம்பி, மகனுக்கு வந்த அதே விலை தனக்கும் வரும் என்று எதிர்பார்த்தால் அந்த ஏமாற்றத்துக்கு மொழிபெயர்ப்பாளரே பொறுப்பு.

'பொதுக் கட்டணம்' பரவாயில்லை. ஆனால் பொதுக் காப்பீடு என்பது வண்டிக்கும் வீட்டுக்குமான காப்பீட்டின் பெயராக நிலைத்துவிட்டது. கட்டணம் என்றால் ஒரு தொகையும் நினைவுக்கு வரும். இங்கே நமக்குத் தேவை தொகை அன்று, தொகையைக் கணக்கிடும் முறை. அதற்கு 'வீதம்' இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் தலைக்கட்டுக்கு இவ்வளவு வீதம் என்று வரி பிரிக்கும்போது எந்த வீட்டுக்காரர் எத்தனை முறை கோயிலுக்கு வருவார் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆகவே 'பொதுவீதம்' என்கிறேன். வயதும் பார்க்காத நியூயார்க் முறை முழுப் பொதுவீதம்; வயதைப் பார்ப்பது வயதுசார் பொதுவீதம். வீதம் தூய தமிழா என்று கேட்பவர்கள் உண்டு. வட்டி வீதம் என்று இலங்கைத் தமிழர் நாள்தோறும் எழுதும் சொல்லை விட்டுவிட்டு அகராதியில் தூங்குவதைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை.

இதன் எதிர்ச்சொல்லான 'எக்ஸ்பீரியன்ஸ் ரேட்டிங்' இன்னும் மோசமாக அடிபட்டிருக்கிறது. 'அனுபவ மதிப்பீடு' என்றால் ஊழியரின் வேலை அனுபவம் என்றல்லவா படும்? அந்தக் கம்பெனி கடந்த ஆண்டுகளில் எவ்வளவு மருத்துவச் செலவு வைத்தது என்று பார்த்து விலை சொல்வது அது. 'முன்செலவு வீதம்' போதும்.

ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அப்படித்தான் 'கேரன்டீட் இஷ்யூ' என்பது 'உத்தரவாத வெளியீடு' ஆகிறது. வெளியீடு புத்தகத்துக்கு. நோயைக் காரணம் காட்டிக் காப்பீடு தர மறுக்கக்கூடாது என்ற விதிக்கு 'மறுப்பில்லாக் காப்பீடு' என்று சொன்னால் கடைசி வகுப்பு வரை படிக்காதவருக்கும் புரியும். 'ஸ்மால் குரூப்' என்பதைச் 'சிறு குழு' என்று எழுதினால் மகளிர் சுய உதவிக் குழுதான் கண்முன் நிற்கும்; அது ஐம்பது ஊழியர் வரை உள்ள நிறுவனம், கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் நூறு வரை. சிறுநிறுவனக் காப்பீடு என்றே எழுதலாம். இதைப் படித்துத்தான் ஒரு மளிகைக் கடைக்காரர் தன் எட்டு ஊழியர்களுக்கும் காப்பீடு கிடைக்குமா என்று முடிவு செய்யப்போகிறார்.