417 கிலோமீட்டர் பறக்க ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

சென்னை மீனம்பாக்கம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. மதுரை விமான நிலையம் 9.83 வடக்கு, 78.09 கிழக்கு. இடைத்தூரத்தைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். அட்ச வித்தியாசம் 3.16 பாகை, பாகைக்கு 111 கி.மீ. வீதம் 351. தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் நம் பக்கத்தில் பாகைக்கு 109 கி.மீ.தான், 2.08 பாகைக்கு 227. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் சுமார் 417 கி.மீ. விமானிகள் கணக்கில் 225 கடல் மைல்.

ஏர்பஸ் 320 விமானம் உயரத்தில் ஓடும் வேகம் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வகுத்தால் அரை மணி நேரம். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி, சில சமயம் அதற்கும் மேல். மீதி எங்கே போயிற்று?

முதலில், டிக்கெட் நேரம் பறக்கும் நேரமே அல்ல. சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து மறு ஊரில் திரும்ப வைக்கும் வரை உள்ள நேரம் அது. சென்னையில் பின்னே தள்ளி, எஞ்சின் இயக்கி, ஓடுபாதை முனையில் வரிசையில் நின்று கிளம்பவே பத்து முதல் இருபது நிமிடம் ஆகும்.

பெரிய விழுங்கல் வானத்தில். 10,000 அடிக்குக் கீழே வேகம் பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 28,000 அடி ஏறி முடிக்கையில் ஏறக்குறைய 140 கி.மீ. கடந்திருக்கும். இறக்கத்துக்கு விமானிகளின் மனக்கணக்கு: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 28,000 அடிக்கு 84 கடல் மைல், 155 கி.மீ. ஆக முழு வேகத்தில் சமமாகப் பறப்பது 120 கி.மீ.தான், ஒன்பது நிமிடம்கூட இல்லை.

விசிறி வைத்த சிறு விமானமான ஏ.டி.ஆர். 72, மணிக்கு 510 கி.மீ.தான் ஓடும். ஆனால் 17,000 அடி போன்ற குறைந்த உயரத்தோடு நின்றுவிடுவதால் ஏற்றமும் இறக்கமும் சுருங்குகின்றன. பாதிக்கு மேற்பட்ட தூரம் சமப் பறப்பு. ஏர்பஸ்ஸின் வேகம் அறுபது சதவீதம் கூடுதல், ஆனால் மொத்த நேரத்தில் மிச்சப்படுத்துவது கால் மணிதான்.

காற்றைப் பலரும் குறை சொல்கிறார்கள். 40 கி.மீ. எதிர்க்காற்று அடித்தாலும் ஏ.டி.ஆரின் சமப் பறப்பில் கூடுவது இரண்டு மூன்று நிமிடம். தரையில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதே முக்கியம், ஏனென்றால் இறங்குவது எதிர்க்காற்றில். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. மேல்காற்று (மேற்கிலிருந்து அடிப்பது) என்றால் வடகிழக்கிலிருந்து வரும் விமானம் வந்த வாக்கிலேயே கிழக்கு முனையில் சேர்ந்துகொள்ளும். கீழ்காற்று (கிழக்கிலிருந்து அடிப்பது) என்றால் ஊரைத் தாண்டி மேற்கே போய்த் திரும்ப வேண்டும். ஐந்தாறு நிமிடம் கூடிவிடும். சென்னை திரும்பும்போது நெரிசலில் வட்டமடிக்கச் சொன்னால் ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். இதையெல்லாம் முன்கூட்டியே அட்டவணையில் சேர்த்துத்தான் போடுகிறார்கள். எதுவும் நடக்காத நாளில் விமானம் 'சீக்கிரமாக' வந்துவிடுகிறது.

சென்னை–தூத்துக்குடி இதைவிட 110 கி.மீ. கூடுதல், சுமார் 527. அந்த உபரி முழுவதும் சமப் பறப்பில் சேர்வதால் ஏ.டி.ஆருக்குப் பதின்மூன்று நிமிடமும் ஏர்பஸ்ஸுக்கு எட்டு நிமிடமும்தான் கூடும்.