மாடரேஷன் என்னும் மட்டுறுத்தல்

கோத்தகிரிப் பக்கத்து ஊர்க் குழு ஒன்றில் சீசன் நேரத்து வாட்ஸ்அப் பேச்சு எப்படிப் போகும் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். விஷயம் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. காட்டேஜ் நடத்துகிறவர் ஒரு பக்கம், நெரிசலில் மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் தவித்தவர் மறுபக்கம். பத்துச் செய்திக்குள் பேச்சு இ-பாஸை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். அப்போது யாராவது ஒருவர் எழுதுவார்: "அட்மின் அண்ணா, கொஞ்சம் மாடரேட் பண்ணுங்க."

பலர் கூடிப் பேசும் இணைய வெளியில் எழுதப்படுவதைக் கவனித்து, எது அப்படியே நிற்கலாம், எது பின்னால் போகலாம், எது வரவே கூடாது என்று முடிவுசெய்யும் வேலைதான் மாடரேஷன். செய்பவர் மாடரேட்டர். ஆளும் செய்யலாம், நிரலும் செய்யலாம். பெரிய தளங்களில் இரண்டும் சேர்ந்தே செய்கின்றன. ஆனால் அந்தக் குழுவில் கேட்டவர் யாரையும் தூக்கி வெளியே போடச் சொல்லவில்லை. பேச்சைச் சற்று இறக்கிக் கொண்டுவரச் சொல்கிறார். அவர் போட்ட 'கொஞ்சம்' என்ற சொல்லில் மாடரேஷனின் பழைய பொருள் முழுவதும் இருக்கிறது.

லத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு, முறை. அதிலிருந்து பிறந்த வினை 'மோடராரி': அளவுக்குள் வை, அடக்கி நடத்து. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. மோடுஸின் பிள்ளைகள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள்: மாடல், மாடர்ன், மூலையில் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் மோடம். இன்னும் பின்னே போனால், அளந்து தக்கதைச் செய்தல் என்ற பொருளில் ஒரு மூல வேரை மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள். மெடிக்கல் ஷாப்பின் மெடிக்கலும் அதில் கிளைத்ததுதான். ஆக, உரையாடலின் 'ஆரோக்கியம்' என்று இன்றைய சமூக ஊடக நிறுவனங்கள் பேசுவதற்கு வேரிலேயே உறவு இருக்கிறது.

நீலகிரியில் இருப்பவருக்கு இந்தச் சொல் வேறு வாசல்களிலும் வந்து சேரும். "நீலகிரியில் லேசானது முதல் மிதமான மழை" என்று வானொலி சொல்லும்போது அந்த 'மிதமான' என்பது மாடரேட்தான். வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை பெய்தால் மிதமான மழை. (2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதைப் பார்த்தவர்களிடம் 64 மி.மீ. என்று சொன்னால் சாரலா என்பார்கள்.) சி.எஸ்.ஐ. சபையாருக்கோ மாடரேட்டர் என்றால் தென்னிந்தியத் திருச்சபை முழுவதற்கும் தலைமை ஏற்கும் பேராயர்.

எனக்குப் பிடித்தது பிளஸ் டூ இயற்பியலில் வரும் மாடரேட்டர். அணு உலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் பொருள் அது. தமிழ்ப் பாடநூலில் தணிப்பான். கல்பாக்கத்தின் கனநீர் உலைகளில் கனநீரே அந்த வேலையைப் பார்க்கிறது. தணிப்பான் நியூட்ரானை விழுங்கிவிடக் கூடாது. விழுங்குவதற்கென்று கட்டுப்பாட்டுத் தண்டுகள் தனியே உண்டு. தணிப்பான் வேகத்தைக் குறைத்தால்தான் பிளவு தொடர்ந்து நடக்கும். அது இல்லாவிட்டால் அந்த உலையே ஓடாது. பேச்சை மாடரேட் செய்வதென்றால் பேச்சை நிறுத்துவது என்று நினைப்பவர்கள் இந்தப் பாடத்தை ஒருமுறை புரட்டலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கைக்கு முதலில் அகப்படுவது தணிக்கை. அது பொருந்தாது. திரைப்படத் தணிக்கை என்றால் வெளிவருமுன் மேலே ஓர் அதிகாரி உட்கார்ந்து வெட்டுவது; கணக்குத் தணிக்கை என்றால் ஆடிட். குழு உரையாடலைப் பார்த்துக்கொள்கிறவர் இரண்டையும் செய்வதில்லை. தொலைக்காட்சி விவாதங்களில் நெறியாளர் என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது. ஆனால் நெறியாளர் கேள்வி கேட்பார், ஆளை மாற்றி மாற்றிப் பேசவைப்பார்; பேச்சின் போக்கே அவர் கையில் இருக்கும். நடுவர் பட்டிமன்றத்துக்குப் போகட்டும், அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். மிதப்படுத்தல் அகராதிப்படி சரி, வாயில் நிற்க மாட்டேன் என்கிறது.

இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய தலைமுறை 2000-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் மட்டுறுத்தல். இன்றும் தமிழ் இணையத்தில் அங்கங்கே வாழ்கிறது. முதல்முறை கேட்பவருக்கு ஏதோ கொத்தனார் வேலை போல ஒலிக்கும். ஒலித்தால் தவறுமில்லை.

மட்டு என்பதற்கு அளவு, எல்லை என்று பொருள் தருகிறது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். எனக்குத் தெரிந்த மட்டில், முடிந்த மட்டும், மட்டில்லா மகிழ்ச்சி என்று தினம் பேசுகிறோம். 'அது மட்டும் போதும்' என்பதில் உள்ள மட்டும் இதுவேதான். அந்த அளவோடு நிற்கிறது என்பதால் 'வேறில்லை' என்ற பொருள் வந்தது. இதன் உறவு மட்டம். சுவரின் மட்டம் பார்க்க ரசமட்டம், ஊட்டி ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவரும் மட்டக்குதிரை, ஒரே மட்டமாக மேசைபோல் வைத்துக் கொழுந்து பறிக்கப்படும் தேயிலைச் செடி. திருச்சி மலைக்கோட்டையில் இருக்கும் அம்மன் மட்டுவார்குழலியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் பெயரில் வரும் மட்டு தேன், சொல் வேறு.

இவை எல்லாவற்றையும்விட நம் காரியத்துக்கு நெருக்கமானது மட்டு மரியாதை. பெரியவர்களை எடுத்தெறிந்து பேசுகிறவனைப் பற்றி வீட்டில் என்ன சொல்வார்கள்? "மட்டு மரியாதை இல்லாம பேசறான்." தமிழில் கெட்ட பேச்சின் மேல் சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டே அதற்கு மட்டு இல்லை என்பதுதான். லத்தீன்காரர் அளவு என்ற சொல்லிலிருந்து புறப்பட்டு வந்த இடத்துக்கு நம் பாட்டிகள் தனி வழியாக முன்பே வந்திருக்கிறார்கள். மட்டுறுத்தலை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் சொல்லின் வால். உறு என்றால் அடை, எய்து. உறுத்து என்றால் அடையச் செய். வலியுறுத்து, அறிவுறுத்து எல்லாம் அந்த வகை. அச்சுறுத்து, துன்புறுத்து என்பவையும் அதே வகைதான். இணையத்தில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் கொடுமைகளுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்கள்தான் உண்டு. அச்சுறுத்துகிறவரையும் துன்புறுத்துகிறவரையும் மட்டுறுத்த வேண்டும் என்று எழுதிப் பாருங்கள், மூன்று வினையும் ஒரே வாய்ப்பாட்டில் வந்து நிற்கும். கண்ணில் தூசி விழுந்தால் உறுத்துகிறதே, அந்த உறுத்தலும் இதில் லேசாகக் கேட்கும். மட்டுறுத்தப்பட்டவருக்கு அப்படித்தான் இருக்கும், என்ன செய்ய.

மட்டுப்படுத்து என்ற வினை முன்பே உண்டு. வேகம், செலவு, சர்க்கரை எதையும் மட்டுப்படுத்தலாம். மட்டுறுத்தலை உரையாடலுக்கென்று ஒதுக்கிக்கொள்வது நல்லது. மட்டம் தட்டுதலோடு குழப்பிக்கொள்ளவே கூடாது. ஒருவரைப் பத்துப் பேர் நடுவே மட்டம் தட்டுவது எதைத் தடுக்க மட்டுறுத்துநர் இருக்கிறாரோ அந்தக் குற்றம். சில அட்மின்கள் இரண்டையும் ஒன்றாகவே செய்கிறார்கள் என்பது வேறு கதை.

இனி தளங்கள் பக்கம். பல ஆண்டுகள் அவற்றின் கையில் இருந்தவை நீக்கு, தடைசெய், முடக்கு என்ற கருவிகள். கட்டுப்பாட்டுத் தண்டுகள் என்று சொல்லலாம். மட்டுறுத்தல் என்று உண்மையிலேயே அழைக்கத் தக்க வசதிகள் பிற்பாடுதான் வந்தன. ட்விட்டரை (2023 ஜூலையில் எக்ஸ் ஆனது) எடுத்துக்கொண்டால் வரிசை தெளிவாகத் தெரியும். 2014-இல் மியூட் வந்தது: எதிராளிக்குத் தெரியாமலே அவர் பேச்சை நம் கண்ணிலிருந்து ஒதுக்கலாம். 2018 மார்ச்சில் ட்விட்டரின் அப்போதைய தலைவர் ஜாக் டார்சி, பொது உரையாடலின் ஆரோக்கியத்தை வளர்ப்பது தங்கள் பொறுப்பு என்று அறிவித்தார். 2019 நவம்பரில், நம் பதிவின் கீழ் வரும் பதில்களை மறைக்கும் வசதி உலகெங்கும் வந்தது. மறைத்த பதில் அழியாது. வேண்டுமென்றால் ஒரு தட்டுத் தட்டித் திறந்து பார்க்கலாம். 2020-இல் யார் யார் பதில் எழுதலாம் என்று பதிவிடுகிறவரே வரம்பு வைக்கும் ஏற்பாடு வந்தது. அதே ஆண்டு, கட்டுரையைத் திறக்காமலே பகிரப் போகிறவரிடம் 'முதலில் படிக்கிறீர்களா?' என்று கேட்டுப் பார்த்தார்கள். கேள்வியைப் பார்த்தவர்கள் 40 சதவீதம் அதிகமாகக் கட்டுரையைத் திறந்தார்கள்.

இவற்றில் சற்று நின்று பார்க்க வேண்டியது 2021 மே மாதம் வந்தது. கோபத்தில் ஒரு பதிலைத் தட்டி அனுப்பப் போகும்போது, வசை போலத் தெரிந்தால், இதை அனுப்பத்தான் வேண்டுமா என்று திரையில் ஒரு கேள்வி எழுந்தது. அனுப்பலாம், திருத்தலாம், அழிக்கலாம், முடிவு எழுதியவருடையதே. சோதனையில் 34 சதவீதம் பேர் பதிலைத் திருத்தினார்கள் அல்லது அனுப்பாமல் விட்டார்கள். ஒருமுறை இப்படிக் கேட்கப்பட்டவர்கள் அதன்பின் எழுதிய வசைப் பதில்கள் சராசரியாக 11 சதவீதம் குறைந்தன. இவை ட்விட்டரே வெளியிட்ட எண்கள், தன் கணக்கைத் தானே தணிக்கை செய்தது. என்றாலும் அந்தக் கேள்வி பார்த்த வேலை மட்டு என்ற சொல்லுக்கு அப்படியே பொருந்துகிறது. வாயை மூடச் சொல்லாமல் வேகத்தைக் குறைத்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருந்தது. எழுதுகிறவரும் எதிரே இருப்பவரும் அடிக்கடி பேசிக்கொள்பவர்களா என்பதையும் நிரல் கணக்கில் எடுத்துக்கொண்டது. தமிழுக்கு இது எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. குன்னூரில் ஒன்றாகப் படித்த இருவருக்குள் "டேய் லூசு, எங்கடா இருக்க" என்பது அன்பு. முகம் தெரியாத பெண்ணின் பதிவின் கீழ் அதே 'லூசு' வந்தால் வசை. ஆனால் வசதி ஆங்கிலத்தில் செயலியை வைத்திருந்தவர்களுக்குத்தான் முதலில் கிடைத்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் வசை, சாதிப் பெயரைப் பூடகமாகச் சொல்லிக் குத்தும் வசை ஆகியவற்றின் பக்கம் அது வந்தே இருக்காது. நீலகிரி இன்னும் சிக்கல். ஒரே குழுவில் தமிழ் வரும், கூடலூர்ப் பக்கத்து மலையாளம் வரும், தமிழ் எழுத்தில் படுகர்களின் படுகு மொழி வரும். படுகு மொழியை நிரல் எழுத்துப் பிழை மலிந்த தமிழ் என்றுதான் எண்ணும் என்பது என் ஊகம்.

வாட்ஸ்அப் வேறு வழியில் போனது. அங்கே செய்தியைத் தளம் படிக்க முடியாது, பூட்டிய உறைக்குள் போகிறது. அதனால் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு ஓட்டத்துக்கு மட்டு வைத்தார்கள். 2018-இல் இந்தியாவில் ஒரு தடவையில் ஐந்து உரையாடலுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாது என்று வந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை ஒரு தடவையில் ஒரே உரையாடலுக்குத்தான் தள்ளிவிடலாம் என்றானது. அத்தகைய ஃபார்வேர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. வேறெங்கோ எடுத்த சிறுத்தை வீடியோவை 'நேத்து ராத்திரி நம்ம ரோட்ல' என்று அனுப்பும் ஆட்கள் இருக்கும் மலையில் இதன் அருமை தெரியும். வீடியோவின் தலையில் இரட்டை அம்பு இருந்தால் அது நேற்று ராத்திரி நம் வீட்டுப் பக்கம் எடுத்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. மழைநாளில் பர்லியார் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால், குழுவை 'அட்மின்கள் மட்டும்' என்று மாற்றிவைக்கும் வசதியும் 2018-இலிருந்து இருக்கிறது. வழி திறந்ததா இல்லையா என்ற ஒரு வரி, நூறு குட்மார்னிங் பூக்களுக்கு அடியில் போகாது. அந்தப் பொத்தானில் மட்டு தன் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது, கவனித்தீர்களா?

போகிற போக்கில் ஊட்டியின் பெயரையும் தொட்டுவிடலாம். ஒத்தக்கல்மந்து என்பதில் வரும் மந்து தோடர்களின் குடியிருப்பு: வீடு, பால்மனை, மேய்ச்சல் நிலம் எல்லாம் சேர்ந்தது. தமிழின் மன்று, மன்றம், மந்தை எல்லாம் அதன் சொந்தங்கள். ஊரார் கூடி வழக்குத் தீர்க்கும் இடத்துக்கும் மாடு அடையும் இடத்துக்கும் ஒரே வேர். சமூக ஊடகத்தில் நாலு நாள் இருந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

எழுதும் முறை பற்றிச் சில வார்த்தை. வினை மட்டுறுத்து, ஆள் மட்டுறுத்துநர். மட்டுறுத்துனர் என்றும் காணப்படுகிறது. இயக்குநர், ஓட்டுநர் போல -நர் போடுவதே முறை. நிரலைக் குறிக்க வேண்டுமென்றால் மட்டுறுத்தி என்று சொல்லிப் பார்க்கலாம், யாரும் அப்படி எழுதி நான் இன்னும் பார்த்ததில்லை. அட்மினுக்கு நிர்வாகி என்ற சொல் தனியே இருக்கட்டும். நிர்வாகி குழுவைத் திறப்பார், ஆளைச் சேர்ப்பார், எடுப்பார். மட்டுறுத்துநரின் வேலை பேச்சோடு. மலையூர்க் குழுக்களில் பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்தான், அதனால்தான் சொற்களும் கலந்துபோகின்றன. ஒரு பதிவை எடுத்துவிட்டால் 'நீக்கப்பட்டது' என்றே எழுதுங்கள்; 'மட்டுறுத்தப்பட்டது' என்று பூசி மெழுக வேண்டாம். பார்த்து அனுமதிக்கக் காத்திருக்கும் பதிவுக்கு 'மட்டுறுத்தலில் உள்ளது', பதில் எழுத வரம்பு வைத்த பதிவுக்கு 'பதில்கள் மட்டுறுத்தப்பட்டுள்ளன'. இரண்டும் சரி.